ரசீதை மட்டும் தொலைச்சிடாதீங்க! வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இதே பக்கத்துல பேச்சுவாக்குல ஒரு வார்த்தை விட்டுட்டேன், இத்தாலில மார்க்கேன்னு ஒரு மாநிலம், அங்க ஒரு மலை கிராமத்துல 11 வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இப்பதான் அம்மாவ பாத்துக்க நம்ம மலேசியாவுக்கு, சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்திருக்கேன்னு. அவ்வளவுதான். வழக்கமா மாமியார் சண்டை, முடி கொட்டுது, பையன் படிக்க மாட்டேங்கறான்னு வர்ற கேள்விங்க நடுவுல இந்த மாசம் பாதிக்கு மேல இத்தாலி கேள்வி. எஸ்டேட்டு ஜனங்கள்ல இவ்ளோ பேருக்கு இத்தாலில சோலி இருக்குன்னு நான் நெனைக்கவே இல்ல லா. அதனால இந்த தடவை முழு பக்கமும் அதுக்கே. பேர் போடாதீங்கன்னு எல்லாரும் கேட்டதால ஊர மட்டும் போட்டிருக்கேன்.

நான் சொல்றது எல்லாம் கிராமத்து கதை. ரோம், மிலான்ல இருக்கறவங்க சண்டைக்கு வராதீங்க. இத்தாலில மொத்தம் 7,900 கிட்ட கொமூனே இருக்கு, கொமூனேன்னா நம்ம மஜ்லிஸ் டேரா, அதான் மாவட்ட மன்றம் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா ரொம்ப குட்டி, பத்துல ஏழு கொமூனேல 5,000 பேர் கூட கிடையாது. எங்க ஊர்ல 900 பேரு. ஒரு மேயர், ஒரு ஆபிஸ், கிளார்க்கு வேலை பாக்கற ரெண்டு மூனு கிராணி, அதுதான் கவர்மெண்டு. மத்த எதுக்கா இருந்தாலும் மாவட்ட டவுனுக்கு பஸ் ஏறணும்.

கே: அக்கா, என் மக டஸ்கனி பக்கம் ஒரு கிராமத்து பையன கட்டிக்கப் போறா. கல்யாணம் அங்கயே, அவங்க கொமூனேல. பாஸ்போர்ட்ல ஏ/பி இருக்கறத பாத்துட்டு குடும்ப பேரு எதுன்னு கேட்டு பாரத்த ரெண்டு தடவை திருப்பி குடுத்துட்டாங்களாம். அவ அழுவுறா. என்ன செய்யட்டும்? – ஒரு அம்மா, பகாவ்

ப: அம்மா, இது உங்க மக தலையெழுத்து மட்டும் இல்ல, அங்க போன நம்ம ஆளுங்க எல்லாரு தலையெழுத்தும் இதுதான். அவங்க பாரத்துல ரெண்டே கட்டம், கொஞ்ஞோமேன்னா குடும்ப பேரு, நோமேன்னா சொந்த பேரு. நம்ம பாஸ்போர்ட்ல பேரு ஒரே வரி, சொந்த பேரு, நடுவுல இன்னார் மகள்ங்கறதுக்கு ஏ/பி, அப்புறம் அப்பா பேரு. அவங்க கம்ப்யூட்டருக்கு அந்த சாய்கோட கண்டாலே ஆகாது. எனக்கு என்ன ஆச்சுன்னா, டேக்ஸ் ஆபிஸ்ல ஒரு தம்பி ஏபியையும் எங்கப்பா பேரையும் ஒட்டி ஒரே குடும்ப பேரா அடிச்சு குடுத்துட்டான், நானும் சரின்னு வாங்கிட்டு வந்துட்டேன், ஆறு மாசம் கழிச்சு சுகாதார அட்டை எடுக்க போனா அங்க இருந்த அம்மா ஏபிய தூக்கிட்டு என் சொந்த பேர குடும்ப பேரா போட்டுட்டாங்க, ஆகமொத்தம் கம்ப்யூட்டர்ல நான் ரெண்டு பொம்பள, ஒருத்திக்கு டாக்டர் உண்டு, இன்னொருத்திக்கு வரி உண்டு.

இதுல ஏன் ஒரு எழுத்து கூட தப்பக்கூடாதுன்னா, அங்க எல்லாத்துக்கும் மூலம் கோதிச்சே ஃபிஸ்காலேன்னு ஒரு நம்பர், நம்ம ஐசி, அதான் அடையாள அட்டை நம்பர் மாதிரி. 16 எழுத்து. குடும்ப பேர்லேர்ந்து மூனு, சொந்த பேர்லேர்ந்து மூனு, பொறந்த வருஷத்துக்கு ரெண்டு, மாசத்துக்கு ஒன்னு, தேதிக்கு ரெண்டு, பொறந்த ஊருக்கு நாலு, கடைசில சரிபாக்க ஒன்னு. வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு ஊர் எழுத்து இசட்ல ஆரம்பிக்கும். பேர மாத்தி போட்டா நம்பரே வேற ஆளுதாயிடும். இன்னொரு கூத்து, பொம்பளைங்களுக்கு தேதியோட 40 கூட்டுவாங்க. நான் பொறந்தது 9ஆம் தேதி, அட்டையில 49னு இருக்கு, நான் என்னமோ தப்பா அடிச்சிட்டாங்கன்னு வரிஞ்சு கட்டிக்கிட்டு சண்டைக்கு போயிட்டேன். அந்த தம்பி சிரிக்காம பக்கத்துல இருந்த பாட்டியோட அட்டைய வாங்கி காட்டினான், அவங்களுக்கு 63.

இப்ப செய்ய வேண்டியது. ரோம்ல நம்ம எம்பசி இருக்கு, அங்க கேட்டு ஒரு கடிதம் வாங்க சொல்லுங்க, இந்த பேர்ல இது சொந்த பேரு, இது குடும்ப பேரா எடுத்துக்க வேண்டியது, ஏ/பின்னா இன்னார் மகள்னு அர்த்தம், எல்லாம் ஒரே ஆள்தான்னு. அந்த கடிதத்த முதல் ஆபிஸ்லயே காட்டணும், நம்பர் வந்தப்புறம் இல்ல. அதுக்கப்புறம் எந்த கவுண்டருக்கு போனாலும் அதே பிரிப்பு, ஒரு புள்ளி மாத்தக்கூடாது.

கல்யாணத்துக்கு தனியா கேப்பாங்க. இவ கல்யாணம் ஆகாதவன்னு இங்க ஜேபிஎன்ல, அதான் தேசிய பதிவு இலாகால எடுக்கற பேப்பர், அத வச்சு ரோம் எம்பசி குடுக்கற தடையில்லா பத்திரம், அதுக்கு பேரு நுல்லா ஒஸ்தா, அத அங்க பிரெஃபெத்தூரான்னு மாவட்ட ஆபிஸ்ல கொண்டு போயி முத்திரை வாங்கணும். பொறப்பு பத்திரத்துக்கு புத்ராஜெயால விஸ்மா புத்ரா, அதான் வெளியுறவு அமைச்சு முத்திரை, அப்புறம் கோலாலம்பூர்ல இருக்கற இத்தாலி எம்பசி முத்திரை, மொழிபெயர்ப்பு. நான் போன காலத்துல ஒரே முத்திரைல முடியற அபோஸ்டில் வசதி நமக்கு இல்ல, ஜெர்மன்காரி ஒருத்தி ஒரே நாள்ல முடிச்சிட்டு போறத பாத்துட்டு வயிறு எரிஞ்சேன். அதுக்கப்புறம் கொமூனேல எட்டு நாள் அறிவிப்பு போடுவாங்க, இன்னாரும் இன்னாரும் கட்டிக்கப் போறாங்க, யாருக்காவது ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு. அதிலேர்ந்து 180 நாளுக்குள்ள தாலி, சரி, கையெழுத்து. மகளுக்கு இத்தாலி பாஷை வரலன்னா மொழிபெயர்க்க ஒரு ஆள் கூட நிக்கணும், இல்லன்னா மேயர் கல்யாணத்தையே நடத்த மாட்டாரு.

ஒரு நல்ல சேதி. அங்க 1975ல சட்டம் மாத்தினதிலேர்ந்து பொண்ணுங்க கல்யாணத்துக்கப்புறமும் பேப்பர்ல பொறந்த வீட்டு பேரோடதான் இருப்பாங்க. அதனால உங்க மகள ஆஸ்பத்திரிலயும் பேங்குலயும் அவ அப்பா பேர சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எனக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. எங்கப்பா பால்மரம் வெட்டினவரு, பெரட்டுல, அதான் காலைல ஆள்கணக்கு எடுக்கற எடத்துல, மேஸ்திரி தண்டல் அவர் பேர கத்தி கூப்பிட்டத தவிர வேற யாரும் மரியாதையா கூப்பிட்டு நான் பாத்ததில்ல. அங்க டாக்டர் கிளினிக்குல 11 வருஷம், சின்யோரா, அதாவது அம்மான்னு மரியாதை போட்டு அவர் பேரு.

கே: இத்தாலில 1 யூரோவுக்கு வீடு விக்கிறாங்களாம். நம்ம ரிங்கிட்ல 5 வெள்ளி கிட்டதான். நான் எஸ்டேட் ஆபிஸ்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டேன், ஈபிஎஃப் சேமநிதி காசு இருக்கு. வாங்கிட்டு அங்கயே தங்கிடலாமா? – கோலக்கெட்டில்

ப: ஐயா, விக்கிறது உண்மைதான். இந்த யோசனைய 2008ல சிசிலில சலேமின்னு ஒரு ஊர்ல அந்த ஊர் மேயர் கெளப்பிவிட்டாரு, அப்புறம் கஞ்சி, முஸ்ஸொமெலிங்கற ஊருங்க வரிசையா ஆரம்பிச்சுது, 2019ல சம்புக்கா தி சிசிலியாங்கற ஊரு ஏலம் போட்டு உலகம் பூரா பேப்பர்ல வந்துச்சு, ஏலம் ஆரம்பிச்ச விலைதான் 1 யூரோ, முடிஞ்ச விலை இல்ல. ஜனங்க எல்லாம் டவுனுக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டாங்க, ஊரு காலி, கூரை விழுந்து கெடக்கு. நம்ம தோட்டம் செம்பனைக்கு மாறினப்ப லயத்து வீடுங்க எல்லாம் கதவில்லாம கெடந்துச்சே, அதே மாதிரிதான், என்ன, அது கல்லு வீடு.

வாங்கினா நெறைய ஊர்ல மூனு வருஷத்துக்குள்ள பழுதுபார்த்து முடிக்கணும்னு எழுதி வாங்குவாங்க, 5,000 யூரோ மாதிரி ஈடு கட்ட சொல்லுவாங்க, முடிக்கலன்னா அது போச்சு. நொத்தாயோ இல்லாம பத்திரம் நடக்காது, அவரு நம்ம வக்கீலுக்கும் மேல, அவர் செலவு வாங்கறவர் தலையில. அப்புறம் ஜியோமெத்ரா. இத்தாலி கிராமத்துல இவருதான் உண்மையான ராஜா. பாதி சர்வேயர், பாதி இன்ஜினியர், கொமூனேல எந்த பைல் எந்த அலமாரியில இருக்குன்னு தெரிஞ்ச ஒரே மனுஷன். காகிதத்துல இருக்கற வீடும் தரையில இருக்கற வீடும் ஒன்னா இருக்கான்னு அவரு பாத்து சொல்லணும், முக்கால்வாசி இருக்காது, யாரோ தாத்தா 1960ல ஆட்டுக்கொட்டகைய இழுத்து குளியலறை ஆக்கியிருப்பாரு, வரைபடத்துல இன்னும் ஆடுதான் நிக்கும். எங்க பக்கத்து வீடு எட்டு வருஷமா விலைக்கு இருந்துச்சு, ஏன் விக்கலன்னா வாரிசு பதினோரு பேரு, அதுல நாலு பேரு அர்ஜென்டினால. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி மூனு பேர ஒரு நில ஆபிஸ்ல உக்கார வைக்கவே மூனு தீபாவளி ஆகுது.

ஆனா ஐயா, இதெல்லாம் கூட சமாளிக்கலாம், நீங்க கேட்டதுல ரெண்டாவது பாதிதான் சிக்கல். வீடு வாங்கினா தங்க பெர்மிட் கெடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கெடைக்காது. மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாம 180 நாள்ல 90 நாள், அவ்ளோதான், சொந்த வீடா இருந்தாலும் 91ஆவது நாள் நீங்க சட்டவிரோதம். ரிட்டையர் ஆனவங்களுக்குன்னு ஒரு விசா இருக்கு, வேலை செய்யாம சொந்த வருமானத்துல உக்காந்து சாப்பிடறவங்களுக்கு, வருஷத்துக்கு 31,000 யூரோ கிட்ட நிரந்தர வருமானம் காட்ட சொல்லுவாங்க, பென்ஷன், வாடகை மாதிரி. பேங்குல ஈபிஎஃப் மொத்தமா கெடக்குன்னா அது வருமானம் ஆகாது. கவர்மெண்டு ஆஸ்பத்திரில சேர அந்த விசாக்காரங்க 2024லேர்ந்து வருஷத்துக்கு கொறைஞ்சது 2,000 யூரோ கட்டணும். அதோட நீங்க முதல்லயே நொத்தாயோகிட்ட ஒன்னு கேக்கணும், மலேசியாக்காரங்க அங்க சொத்து வாங்க பரஸ்பர விதி தடையா இருக்கான்னு, ஏன்னா அவங்க நாட்டாளு நம்ம நாட்டுல வாங்க முடியுமாங்கறத பாத்துதான் நம்மள விடுவாங்க. என் யோசனை கேட்டா, மூனு மாசம் வாடகைக்கு போயி இருங்க, ஜனவரில போங்க, ஜூன்ல இல்ல. ஜனவரில அந்த கல்லு வீட்டுக்குள்ள ஒரு வாரம் இருந்துட்டும் ஆசை இருந்தா அப்ப எனக்கு மறுபடி எழுதுங்க.

கே: திராட்சை தோட்டத்துல வேலை, சம்பளம் 1,500 யூரோ, முதல்ல டூரிஸ்டா போயிடு, அங்க போயி பெர்மிட் மாத்திக்கலாம்னு ஒரு ஏஜென்ட் 8,000 வெள்ளி கேக்கறாரு. போலாமா அக்கா? – கூலிம்

ப: போகாத தம்பி. டூரிஸ்டா போனவன் அங்க வேலை பெர்மிட்டுக்கு மாத்திக்க முடியாது. வரிசை தலைகீழ், முதல்ல அங்க இருக்கற முதலாளி உன் பேர்ல பிரெஃபெத்தூரால அனுமதி கேட்டு வாங்கணும், வருஷத்துக்கு இவ்ளோ பேருன்னு கோட்டா, அது தொறக்கற நாள்ல கம்ப்யூட்டர்ல முந்தறவனுக்குத்தான், அதுக்கப்புறம் கோலாலம்பூர்ல விசா, அதுக்கப்புறம்தான் ப்ளேன். முதலாளி பேரு, ஊரு, அந்த அனுமதி பேப்பர், மூனும் ஏஜென்ட் கையில இருந்தா பேசு. இல்லன்னா அந்த 8,000 வெள்ளிய அம்மாகிட்ட குடு.

கே: என் தம்பி பியெமொன்தே பக்கம் கிராமத்துல வேலை. வீட்டு பதிவு பண்ண எழுதி குடுத்தானாம், போலிஸ் மாதிரி உடுப்பு போட்டவரு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துட்டு போயிருக்காரு, இவன் வேலைக்கு போயிட்டான். பயந்து போயிருக்கான். ஏதும் தப்பு நடந்துருச்சா? – தெலுக் இந்தான்

ப: ஒரு தப்பும் இல்ல, பயப்படாம இருக்க சொல்லுங்க. அவரு விஜிலே, கொமூனேவோட ஆளு. ரெசிதென்ஸான்னு வீட்டு பதிவுக்கு எழுதி குடுத்தா ரெண்டு வேலை நாள்ல பேர ஏத்திடுவாங்க, ஆனா அவன் நெசமாவே அங்க குடியிருக்கானான்னு 45 நாளுக்குள்ள ஆள் வந்து பாப்பாங்க. ஒன்னும் சொல்லாம 45 நாள் போச்சுன்னா பதிவு உறுதின்னு சட்டம். ஆனா ஆள் இல்ல ஆள் இல்லன்னு எழுதிட்டா மொத்தமும் ரத்து, அதோட டாக்டர், அடையாள அட்டை எல்லாம் வரிசையா போயிடும். அதனால இன்னிக்கே ரெண்டு வேலை. ஒன்னு, தபால் பெட்டிலயும் அழைப்பு மணிலயும் பேர எழுதி ஒட்டணும், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே. பேர் இல்லாத கதவுல அங்க தபால்காரரும் நிக்க மாட்டாரு, விஜிலேயும் நிக்க மாட்டாரு. ரெண்டு, கொமூனேக்கு போயி நான் இத்தனை மணிக்கு வேலைக்கு போறேன், இத்தனை மணிக்கு வீட்ல இருப்பேன்னு எழுதி குடுக்கணும்.

எங்க வீட்டுக்கு வந்தவரு உள்ள வந்து ஒரு சுத்து பாத்தாரு, அடுப்புல ரசம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, தும்மினாரு, சரி நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எழுதிட்டு போயிட்டாரு.

பெர்மிட் ரினியூ பண்ணப்புறம் 60 நாளுக்குள்ள கொமூனேக்கு போயி நான் இன்னும் இங்கதான் இருக்கேன்னு சொல்லணும், அதையும் தம்பிகிட்ட சொல்லி வையுங்க, நெறைய பேர் இதுல கோட்டை விடுவாங்க.

கே: என் வீட்டுக்காரரோட பெர்மிட் முடிஞ்சிருச்சு, ரினியூவுக்கு குடுத்து அஞ்சு மாசமாச்சு, கையில போஸ்ட் ஆபிஸ் ரசீது மட்டும்தான். தீபாவளிக்கு வரணும்னு பிராங்க்பர்ட் வழியா டிக்கெட் பாத்து வச்சிருக்காரு. வரலாமா? – சுங்கை பட்டாணி

ப: வரலாம், ஆனா அந்த டிக்கெட்ல இல்ல. ரினியூ ரசீது, பழைய பெர்மிட், பாஸ்போர்ட் மூனும் இருந்தா ஊருக்கு வந்துட்டு திரும்பலாம், ஆனா இத்தாலிலேர்ந்து நேரா வெளிய வரணும், நேரா இத்தாலிக்கே உள்ள போகணும், நடுவுல வேற ஷெங்கன் நாட்டுல, அதான் ஒரே விசாவுல சுத்தற ஐரோப்பா நாடுங்கள்ல, எறங்கக்கூடாது. பிராங்க்பர்ட், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் எல்லாம் ஷெங்கன். துபாய், டோஹா வழியா பாக்க சொல்லுங்க. ரசீது ஒரிஜினல், போட்டோஸ்டாட் இல்ல.

பெர்மிட் ஏன் இவ்ளோ நாள் ஆகுதுன்னு கேக்காதீங்க, அங்க அப்படித்தான். புதுசா போறவங்களுக்கும் சேர்த்து சொல்றேன், எறங்கி எட்டு வேலை நாளுக்குள்ள மனு போடணும். வேலைக்கோ படிப்புக்கோ போனவங்க போஸ்ட் ஆபிஸ்ல ஒரு பெரிய கவர் வாங்கி நிரப்பணும், அதுக்குள்ள கட்டம் கட்டமா இருக்கும், ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், நம்ம பேரு பாதிலயே கட்டம் முடிஞ்சிடும். 16 யூரோ முத்திரை ஒட்டணும், போஸ்ட் ஆபிஸ்க்கு 30, அட்டைக்கு 30.46, அதோட எத்தனை வருஷத்துக்குன்னு பாத்து 40லேர்ந்து 100 வரைக்கும். அந்த 16 யூரோ முத்திரைக்கு மார்க்கா தா போல்லோன்னு பேரு, எங்க விக்கும்னு நெனைக்கிறீங்க, சிகரெட் கடைல. கறுப்பு பலகைல வெள்ளை T எழுத்து போட்டிருக்கும். நான் முதல் மாசம் கவர்மெண்டு முத்திரைக்கு கவர்மெண்டு ஆபிஸ் ஒவ்வொன்னா ஏறி எறங்கினேன், கடைசில ஒரு கெழவர் கைய புடிச்சு கூட்டிட்டு போயி சிகரெட் கடைல விட்டாரு.

பாரம் நிரப்ப காசு குடுத்து யாரையும் புடிக்க வேண்டாம். பத்ரொனாத்தோன்னு சங்கத்து ஆபிஸ்ங்க இருக்கு, தொழிற்சங்கம், சர்ச் சங்கம்னு நடத்தறது, சின்ன டவுன்ல கூட வாரத்துக்கு ஒரு நாள் உக்காருவாங்க. இலவசமா நிரப்பி குடுப்பாங்க.

கே: அங்க நம்ம லைசன்ஸ் ஓடுமா? – சித்தியவான்

ப: வீட்டு பதிவு பண்ண நாள்லேர்ந்து ஒரு வருஷம் ஓடும், அனைத்துலக லைசன்ஸோ மொழிபெயர்ப்போ கூட இருந்தா. அதுக்கப்புறம் அது வெறும் அட்டை. ஜப்பான், கொரியா மாதிரி சில நாட்டுக்கு அப்படியே மாத்தி குடுப்பாங்க, நம்ம நாடு அந்த பட்டியல்ல இல்ல. 20 வருஷம் லோரி ஓட்டியிருந்தாலும் சரி, அங்க பதினெட்டு வயசு பசங்களோட உக்காந்து எழுதணும். 30 கேள்வி, 20 நிமிஷம், மூனு தப்புக்கு மேல போனா அவுட். கேள்வி எல்லாம் சரியா தப்பாதான், ஆனா இத்தாலி பாஷைல, அதுவும் இல்லாமல் இல்லைன்னு சுத்தி வளைச்சு. நான் ரெண்டு தடவை கவுந்தேன். மூனாவது தடவை பாஸ் பண்ணதுக்கு ஓட்டுனர் பள்ளிக்காரரு கோப்பி வாங்கி குடுத்தாரு, அவருக்கு என் தொல்லை விட்டுச்சேன்னு. ரோட்ல வலது பக்கம் போகணும், மலைல வளைவு, எதிர்ல ட்ராக்டர், இதெல்லாம் ஒரு வாரத்துல பழகிடும்.

கே: இவ்ளோ இழுத்தடிக்கறாங்களே, உங்களுக்கு கோவமே வராதா அக்கா? நானா இருந்தா கவுண்டர ஒடச்சிருப்பேன். – பீடோர்

ப: வந்துச்சு தம்பி, வராம என்ன. ஒரு தடவை மாவட்ட டவுன் ஆபிஸ்ல காலைல ஆறு மணிக்கு போயி பனில நின்னு பதினோரு மணிக்கு கவுண்டர் வந்தா இன்னிக்கு இந்த எழுத்துல ஆரம்பிக்கற பேர் இல்லன்னு சன்னல சாத்திட்டாங்க. அன்னிக்கு நான் தமிழ்ல பேசினது எதுவும் இந்த பத்திரிகைல போட முடியாது. எங்க கொமூனே வாரத்துக்கு மூனு நாள் காலைல மட்டும் தொறக்கும், ஊர் சாமி திருநாளன்னிக்கு சாத்திடுவாங்க, ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சாமி வேற, ஆகஸ்டு 15 வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பின்னாடி ஒரு வாரம் நாட்டையே சாத்திடுவாங்க.

ஆனா கத்தறது வேலைக்கு ஆகலன்னு சீக்கிரம் தெரிஞ்சுக்கிட்டேன், ஏன்னா நான் எஸ்டேட்டுல வளந்தவ. நம்ம ஊர்ல செக்ரோல்ல, அதான் வேலைக்கு வந்தவங்க பேர் ஏட்டுல, பேர் விட்டுப்போச்சுன்னா எங்கப்பா தொரைகிட்ட போகமாட்டாரு, ஆபிஸ்ல கத்தவும் மாட்டாரு. பெரட்டு முடிஞ்சு கிராணி தனியா சைக்கிள் எடுக்கற நேரம் பாத்து பக்கத்துல போயி, ஐயா நேத்து 14ஆம் நம்பர் காட்டுல வெட்டினேன், தண்டல் பாத்தாரு, இந்தாங்க பால் எடை சீட்டுன்னு நீட்டுவாரு. சாட்சி, சீட்டு, ஆள், மூனும். இத்தாலில எனக்கு அதே மூனுதான் கை குடுத்துச்சு. அங்க 1990லயே 241ஆம் நம்பர் சட்டம்னு ஒன்னு போட்டாங்க, எந்த மனு குடுத்தாலும் அத பாக்கறது யாருன்னு ஒரு ஆள் பேர் இருந்தே ஆகணும், வேற கெடு சொல்லலன்னா 30 நாள்ல முடிக்கணும், நம்ம பைல நாமளே கேட்டு பாக்கலாம். பெர்மிட் மாதிரி சிலதுக்கு கெடு வேற, அதையும் தாண்டி இழுப்பாங்க, அது வேற விஷயம். ஆனா சன்னல்ல நின்னு, என் மனு யார் பொறுப்புல இருக்குங்க, பேர் எழுதி குடுக்கறீங்களான்னு மெதுவா கேட்டு பாருங்க. அந்த முகம் மாறும். நேர்ல குடுக்கறதுக்கு ரசீது நம்பர் வாங்கணும், அவங்க அதுக்கு ப்ரொத்தொகோல்லோன்னு சொல்லுவாங்க, தபால்ல அனுப்பினா கையெழுத்து அட்டை திரும்பி வர்ற ரக்கொமந்தாத்தாங்கற பதிவுத் தபால். வாய்ல சொன்னது காத்துல போச்சு.

எங்க தாத்தா இந்த விஷயத்துல எனக்கு குரு. 1960ல மந்திரி சம்பந்தன் ஆரம்பிச்ச தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்துல அவரு 100 வெள்ளி பங்குக்கு மாசம் 10 வெள்ளியா கட்டினாரு, அந்த ரசீது அத்தனையும் மைலோ டின்ல போட்டு சாமி படத்துக்கு பின்னாடி வச்சிருந்தாரு. எழுத படிக்க தெரியாது. எந்த ரசீது எந்த மாசம்னு கசங்கல பாத்தே சொல்லுவாரு. நான் அங்க ஒரு பிஸ்கட் டின் வச்சிருந்தேன்.

எங்க கொமூனே கிராணி அம்மாவ பத்தியும் சொல்லணும். முதல் வருஷம் என்ன கண்டாலே அவங்களுக்கு தலைவலி, வெளிநாட்டு பைல் அவங்க பாத்ததே இல்ல, தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு முடியாதுன்னு சொல்லுவாங்க. இத கண்டுபுடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் நான் போறப்ப சட்டத்தோட நம்பர், பக்கத்து கொமூனேல போட்டு குடுத்த அதே மாதிரி பேப்பரோட நகல், எல்லாம் கையில கொண்டு போயி, நீங்களே பாருங்க, எனக்கு சரியா புரியலன்னு நீட்டினேன். அன்னிலேர்ந்து வேலை நடந்துச்சு. முறுக்கு, அதிரசம் எதுவும் கொண்டு போகல, பைல் நடக்கற வரைக்கும் கொண்டு போகக்கூடாதுன்னு வச்சிருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் கிறிஸ்துமஸுக்கு கொண்டு போனேன்.

கே: இத்தாலிக்காரர கட்டினீங்க, அந்த ஊர் குடியுரிமை எடுத்தீங்களா? – ஈப்போ

ப: எடுக்கல. கேட்டா கெடைச்சிருக்கும், கல்யாணத்துக்கப்புறம் அங்க ரெண்டு வருஷம் குடியிருந்தா மனு போடலாம், புள்ளை இருந்தா அதுல பாதி, 2018 கடைசிலேர்ந்து பி1ன்னு நடுத்தர அளவுக்கு பாஷை தேர்வு, 250 யூரோ. ஆனா நம்ம நாடு ரெண்டு குடியுரிமைய ஒத்துக்காது, அத எடுத்தா இத விடணும். எங்க பாட்டி குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடயே செத்தாங்க. அஞ்சு வயசுல கப்பல்ல வந்தவங்க, அறுபது வருஷம் இங்க பால்மரம் வெட்டினவங்க, குடியுரிமைக்காரங்களுக்கு குடுக்கற ஒரு நீல ஐசிக்கு குவாலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் எத்தனை தடவை பஸ் ஏறினாங்கன்னு கணக்கே இல்ல. அவங்க பேத்தி நீல ஐசிய கவுண்டர்ல குடுத்துட்டு வர்றதா? என் வீட்டுக்காரரு ஒன்னும் வற்புறுத்தல. இப்ப அவருக்கு முறை, இத எழுதற நேரம் ஈப்போ இமிகிரேஷன்ல கணவர் பாஸ் ரினியூவுக்கு நம்பர் எடுத்துட்டு உக்காந்திருக்காரு, கல்யாண பத்திரத்துக்கு இன்னொரு நகல் கேக்கறாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு. சிரிப்பு வருது.

கே: அங்க வேற தமிழாளுங்க இருந்தாங்களா? போரடிக்கலயா? – சுங்கை சிப்புட்

ப: நம்ம ஊர் கேள்வியா! சிசிலில பலெர்மோல இலங்கை தமிழ் ஜனங்க நெறைய பேரு, அங்க பெல்லெக்ரீனோ மலை மேல சாந்தா ரொசாலியாங்கற புனிதையோட கோயிலுக்கு சைவக்காரங்களும் போயி கும்பிடுவாங்க. வடக்க பால் பண்ணைங்கள்ல பஞ்சாபிங்க, நொவெல்லாரால பெரிய குருத்வாராவே இருக்கு. எங்க மலைல நான் ஒருத்திதான். போரடிக்க நேரம் ஏது, அதான் பேப்பர் இருந்துச்சே.

அந்த கிராணி அம்மா போன வாரம் வாட்சப்புல கேட்டாங்க, நீங்க ஊர விட்டு போயிட்டதா இன்னும் எழுதி குடுக்கல, குப்பை வரி உங்க பேர்ல ஓடிக்கிட்டு இருக்கு, வெளிநாட்டுக்கு குடிபோறேன்னு ஒரு பாரம் இருக்கு, நிரப்பி அனுப்பினா பேர எடுத்துடறேன்னு. ஒரு பக்கம்தான் அந்த பாரம், அஞ்சு நிமிஷ வேலை. பிரிண்ட் எடுத்து டின்ல போட்டு வச்சிருக்கேன். குப்பை வரிய இந்த வருஷத்துக்கும் கட்டிட்டேன்.